1861 என்றது பலகை

அரவேனு தாண்டி ஏறினால்
பனிக்குள் பாதியும் வெளியே பாதியுமாக ஒரு பங்களா.
வாசல் நிலைக்கு மேலே கருங்கல் பலகை:
1861.
ஐசக் தனராஜ் அதை ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான்
எங்களுக்குத் தேநீர் ஊற்றினார்.
"நூத்தி அறுபது வருசத்துக்கு மேல. எழுதிக் குடுத்துருங்க.
விடுதிக்கு அதுதாங்க முதல்."

எங்களுக்குப் பயிற்சியின் மூன்றாவது வாரம்.
மாதியிடம் நாடா, என்னிடம் அட்டையும் பென்சிலும்.
எழுதியிருப்பதைக் கடைசியில் படி
என்பதுதான் முதல் பாடம்.
அதனால் கழிப்பறையிலிருந்து தொடங்கினோம்.

நீளம், அகலம், பிறகு மூலைக்கு மூலை.
இரண்டு குறுக்களவும் ஒத்துவரவில்லை,
ஒன்பது சென்டிமீட்டர் வித்தியாசம்.
"நாடாவைத் தொய்ய விட்டுட்ட" என்றேன்.
"நீ ஒன்றை ஏழாக எழுதின" என்றாள்.
மறுபடி அளந்தோம். அதே ஒன்பது.
கோணல் எங்களுடையது அல்ல.
நூல் பிடிக்காமல் அவசரமாகச் சுவர் எழுப்பிய எவரோ ஒருவர்மீது
அன்று மதியம் முழுக்க
எனக்குக் காரணமில்லாத பிரியம்.

மச்சுக்கு மேல் மாதிதான் ஏறினாள்.
வௌவால் எச்சம், முகமூடி, தலைவிளக்கு.
விளக்கை நேராகப் பிடித்தால் மரம் ஊமை,
பக்கவாட்டில் சாய்த்தால் வாய் திறக்கும்.
குழிக்குள் ஒருவன், மேலே ஒருவன், மாறி மாறி இழுத்த வாள் என்றால்
நேர்க்கீறல்கள், மூச்சு வாங்கிய இடத்தில் இடைவெளி.
இங்கே உத்தரம் முழுக்கப் பிறை பிறையாக, ஒரே வளைவு,
மூச்சே வாங்காதது அறுத்தது.
"ஆணி ஒண்ணு கைக்கு வந்துருச்சு, போடட்டா?"
உருண்டைத் தண்டு, வட்டத் தலை, கம்பியில் வெட்டியது.
சதுர ஆணி தேடினோம். ஒன்றுகூட இல்லை.

கூரை: 1900க்குப் பின், என்று எழுதினேன்.
கூரை மாற்றியிருக்கலாமே, சுவர் பழசாக இருக்கலாமே
என்று அவருக்காக நாங்களே வாதாடினோம்.
அவர் ஊற்றிய தேநீர் அப்படி.

மாலையில்தான் பலகையைப் படித்தோம்.
சுவர் முழுக்கச் சுண்ணாம்புக் காரை,
பலகையைச் சுற்றி மட்டும் சிமென்ட்.
எண்ணின் கீழே, கல் முடிகிற ஓரத்தில்
இடுப்போடு வெட்டுப்பட்ட ஓர் எழுத்து.
எங்கேயோ நடு வாக்கியத்தில் பெயர்த்த கல்.
மாதி ஏணியிலிருந்து இறங்காமலே சொன்னாள்:
"வீட்டுக்குத் தேதி வெட்டுறவங்களைவிட
ஆளுக்கு வெட்டுறவங்கதான் அதிகம்."
இரண்டு பேரும் நிலைப்படிக்குக் கீழிருந்து
சற்றுத் தள்ளி நின்றுகொண்டோம்.
ஊகம் என்று குறித்தேன், அடிக்கோடிட்டு.

ஐசக்கிடம் சொல்லும்போது
கோப்பையைத் தட்டில் திருப்பித் திருப்பி வைத்தார்.
"ஒரு நூறாவது தேறுமா?"
"கூரை தேறலாம் சார்."
"பின்னாடி விறகுக் கொட்டகை?"
அவர் கேட்டது கேலிக்கு.

கொட்டகையின் தென்சுவரில்தான் இருந்தது அந்த நேர்மூட்டு:
பங்களாவின் வரிசை ஒன்றுகூட அதற்குள் புகவில்லை,
வந்து சாய்ந்ததோடு சரி.
முன்பே நின்றது கொட்டகைதான்.
மண் சாந்து, ஒழுங்கில்லாத செங்கல்,
எத்தனை காலம் முன்பு என்று
ஆணி இல்லை, முத்திரை இல்லை, கேட்க எதுவுமில்லை.
விறகை நகர்த்தியபோது மாதி "இங்க பாரு" என்றாள்.
ஈரக் களிமண்ணில் ஒரு நாய் மிதித்திருக்கிறது.
நான்கு விரல் ஆழமாக,
பின்பாதம் பதியவே இல்லை.

அளவுகோலை அருகில் வைத்துப் படமெடுத்தோம்.
ஐசக்கும் குனிந்து பார்த்தார், வெகுநேரம்,
வாடகை எதுவும் கணக்கிடாத முகத்தோடு.
இருட்டுவதற்குள் படிவத்தை நிரப்பினேன்.

பொருள்: செங்கல், தென்சுவர், கீழிருந்து ஆறாம் வரி.
காலம்: தெரியவில்லை.
குறிப்பு: ஓடியது.